பெண்களின் கட்டத்தில் நீங்கள் நிரப்பியது

அத்தான்,

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, அக்கா அலுமாரிக்கு மேலிருந்து உங்கள் மண்ணிறத் தோல் பையை இறக்கி என் மடியில் வைத்தார். "இப்ப உனக்குத்தானே இந்த மொழிபெயர்ப்பு வேலை. வைச்சிரு, உதவும்" என்றார். பையைத் திறந்ததும் கார்பன் தாளின் மணம் எழும்பியது. அதோடு உங்கள் சிகரெட் மணமும். ஒரு மாதமாக வராத கண்ணீர் அப்போதும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

பூசையில் பங்குச் சுவாமி உங்களைப் பற்றி நல்லதாகவே சொன்னார். இந்த ஊரில் தமிழாக்களுக்கு வாயாக இருந்தவர் என்றார். கோயில் முழுக்கத் தலையாட்டியது. அக்கா பக்கத்தில் இருந்ததால் நானும் ஆட்டினேன். வாய் உங்களுடையதாக இருக்கலாம். அதிலிருந்து வந்த சொல்லாவது எங்களுடையதாக இருந்திருக்க வேண்டாமா? இதைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று ஏழு வருசமாக எனக்குத் தெரியவில்லை. தெரிய வந்தது இப்போதுதான், அதனால் செத்தவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். எங்களைப் பார்த்தால் உங்களுக்கு எப்போதும் சிரிப்புத்தான்.

பைக்குள் ஆட்களின் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, விண்ணப்பப் பிரதிகள் இருந்தன, தமிழ்ச் சங்கத்தின் முத்திரை இருந்தது, மூடியில்லாத பேனை ஒன்று இருந்தது. அடியில் நாலாக மடித்த ஒரு தாள், அலுவலகத் தாளொன்றின் கார்பன் பிரதி. விரித்தவுடனே அது என்னவென்று தெரிந்துவிட்டது. அதே மாதிரித் தாளை வைத்துத்தான் நான் இரண்டு வருசமாக வேலை செய்கிறேன். நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். ஊருக்குள் புதிதாக ஒன்றைத் தொடங்குமுன், அது ஆணுக்கு எப்படிப் படும், பெண்ணுக்கு எப்படிப் படும் என்று முன்கூட்டியே விசாரித்து இரண்டு கட்டத்திலும் எழுத வேண்டும். கதவு எல்லாருக்கும் பொதுவாகத் திறந்திருக்கிறது என்றால் போதாது. அது திறக்கிற நேரத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அந்தத் தாள் கேட்பது இவ்வளவுதான். தாளில் ஒரு பிழையும் இல்லை, அத்தான். அதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "அதெல்லாம் வெள்ளையளின்ரை விளையாட்டு" என்று நீங்கள் தப்பப் பார்ப்பீர்கள்.

தொண்ணூற்றிரண்டில் நாங்கள் எல்லாரும் அல்பெர்கேரியாவில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். ஓர் அறையில் நீங்களும் அக்காவும், மற்றதில் நானும் என் மகளும். அவளுக்கு அப்போது மூன்று வயது. அவளின் அப்பா வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போயிருந்தார். கிறிஸ்மஸுக்கும் ஆவணியிலும்தான் வருவார். நான் வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோராவின் வீடு மொந்தெல்லோவில், கடற்கரைப் பக்கம். ஆறேகாலுக்கு இறங்கினால்தான் இரண்டு பஸ் பிடித்து ஏழரைக்கு அங்கே நிற்கலாம். சிஞ்ஞோராவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் எழுப்பி, பால் கொடுத்து, சட்டை மாட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் என் முதல் வேலை. என் பிள்ளையை எழுப்ப எனக்கு நேரமில்லை. நித்திரையோடு தோளில் போட்டுக்கொண்டு போய் அந்தக் குசினியில் ஒரு ஸ்டூலில் இருத்தி வைப்பேன். ஒரு நாள் அவள் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை விழுத்தி உடைத்தாள். அதோடு சிஞ்ஞோரா, நாளையிலிருந்து பிள்ளை வேண்டாம் என்று கையைக் காட்டிச் சொன்னார்.

அக்காவும் ஆறரைக்குப் போய்விடுவார். வீட்டில் நீங்கள் இருந்தீர்கள். ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிற வேலை உங்களுக்குப் பின்னேரம் நாலு மணிக்குத்தான். ஒரே ஒரு தரம் வாயைத் திறந்து உங்களிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "அத்தான், அக்கா திரும்பி வாற மட்டும் பிள்ளையைக் கொஞ்சம் பாப்பீங்களோ?"

"பிள்ளை பாக்கிறதுக்கோ நான் இத்தாலிக்கு வந்தனான்?" என்றீர்கள். அதற்கும் சிரிப்பு. அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு நான் கேட்கவில்லை. கீழ்வீட்டுக்காரி சில நாள் பார்ப்பாள், சில நாள் தட்டத் தட்டக் கதவைத் திறக்கமாட்டாள். அந்த நாட்களில் வேலைக்குப் போகாமல் நிற்பேன். இரண்டு தரம் சிஞ்ஞோரா எச்சரித்துவிட்டார். வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டு வேலைக்காரப் பெண்களின் பிள்ளைகளுக்காக, பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைகள் காப்பகம் திறக்கப்போகிறார்கள், நேரத்தைப் பற்றி எங்களிடமே வந்து கேட்கப்போகிறார்கள் என்று. எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை, சந்தோசத்தில். ஆறரைக்குத் திறந்தால் போதும். ஆறரைக்குத் திறந்தால் நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுவேன், பிள்ளை என்னோடேயே இருப்பாள். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

கேட்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு, பங்கு மண்டபத்தில். எங்கள் பெண்களுக்கு லீவு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் என்பதால் நகரசபை அலுவலகத்துத் தொத்தோரெஸ்ஸா தன் லீவு நாளை விட்டுவிட்டு வந்திருந்தார். இந்த ஊரில் படித்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நரைத்த கட்டைத் தலைமயிர், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. நல்ல மனுசி. நல்ல மனுசிக்கு எங்களைப் பற்றி ஒன்று தெரியாது: மண்டபத்துக்கு வெளியார் ஒருவர் வந்தால் எங்கள் ஆண்கள் கதிரையில் இருப்பார்கள், நாங்கள் பின்னால் குசினியில் ரோல்ஸ் பொரிப்போம். பெண்களைக் கேட்கவென்று வந்த மனுசிக்கு விருந்து வைப்பதற்காகப் பெண்கள் முழுப்பேரும் குசினிக்குள் போய்விட்டோம். ஒருவரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. நாங்களே போனோம். அந்தக் கோபம் என்மேல்தான், உங்களுக்கு அதில் பங்கில்லை.

உங்களுக்குப் பங்குள்ளது இனித்தான் வருகிறது. குசினிக் கதவு திறந்திருந்தது. தொத்தோரெஸ்ஸா ஏதோ கேட்டார், நீங்கள் ஆண்களைப் பார்த்துத் தமிழில் சொன்னீர்கள்: "விடிய எட்டரைக்கு முன்னம் பிள்ளையளை ஆர் பாக்கிறது எண்டு கேக்கிறா."

யாரோ ஒருவர், "ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுங்கோவன், அதுதானே உண்மை" என்றார்.

"சொன்னால் அடுத்ததா, அந்த நேரம் நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு கேப்பா. படுத்துக் கிடக்கிறம் எண்டு சொல்லவோ? எங்கடை வீட்டு விசயமெல்லாம் இவைக்குக் கதைக்கேலாது. நான் பாத்துச் சொல்லுறன், நீங்கள் பேசாமல் இருங்கோ."

நீங்கள் பார்த்துச் சொன்னீர்கள். என்ன சொன்னீர்களென்று எனக்கு விளங்கவில்லை. அந்த நாளில் என் இத்தாலியன் தும்புத்தடி, இஸ்திரிப்பெட்டி, அழுக்கு உடுப்பு என்பதோடு முடிந்துவிடும். தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் மண்டபத்துக்குள் வந்தேன். மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். தொத்தோரெஸ்ஸா அவளைப் பார்த்துச் சிரித்தார், கைப்பையைத் துழாவி ஓர் இனிப்பை எடுத்துக் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, தட்டிலிருந்த தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்து, உங்களை விட்டுவிட்டு, என்னைப் பார்த்து நேரே ஏதோ கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன்.

"தேத்தண்ணி நல்லாயிருக்காம். இன்னும் இருக்கோ எண்டு கேக்கிறா" என்றீர்கள்.

"ஓம், ஓம், நிறைய இருக்கு!" நான் சந்தோசமாகத் தலையை ஆட்டினேன். சிரித்தேன்கூட. அதை நீங்கள் இத்தாலியனில் சொன்னீர்கள். என் நாலு சொல்லுக்கு உங்களுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. அவர் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார். தேத்தண்ணியைப் பற்றி இவர் ஏன் இவ்வளவு எழுதுகிறார் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. "தட்டை வைச்சிட்டு உள்ளுக்குப் போம்" என்றீர்கள். நான் போனேன்.

ஒரு மாதத்தால் சந்தைப் பக்கத்துச் சுவரில் அறிவித்தல் ஒட்டினார்கள். காலை எட்டரை முதல் ஒன்றரை வரை. நான் அதை மூன்று தரம் வாசித்துவிட்டு மாடிப்படி ஏறி ஓடி வந்தேன். நீங்கள் சவரம் செய்துகொண்டிருந்தீர்கள்.

"அத்தான், ஆறரைக்குத் திறக்கச் சொல்லி நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேக்காமல்? அவை ஏலாது எண்டிட்டினம். அவை நினைச்சதைத்தான் செய்வினம், எங்களையோ கேட்டுச் செய்யிறவை?" கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள். நான் நம்பினேன். ஏழு வருசம் நம்பினேன்.

அடுத்த கிழமை மகளைச் சிஸ்டர்மாரின் விடுதியில் கொண்டுபோய் விட்டேன். திங்கள் விடிய விட்டால் சனி மத்தியானம் எடுக்கலாம், வியாழன் பின்னேரம் ஒரு மணித்தியாலம் பார்க்கலாம். முதல் திங்கட்கிழமை அவள் அழவில்லை. நான் சும்மா பஸ் பார்க்கப் போகிறேன் என்று நினைத்து, வாசலில் நின்று கையை ஆட்டினாள். அழுகையெல்லாம் அடுத்த திங்கட்கிழமைதான். நாலு வருசம் அங்கே இருந்தாள். இப்போது பத்து வயது, என்னோடு இருக்கிறாள், ஒரேத்தோவில் எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கிறது. இன்றைக்கும் ஆறு மணிக்கு எழும்பிப் போர்வையை மடித்து வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் போய் "சரி பிள்ளை" என்று சொன்னால்தான் அசைவாள். நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன், இது வீடு என்று.

அந்தக் காப்பகம் என்ன ஆனதென்று தெரியும்தானே. ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் எட்டரைக்குத் திறக்கும் இடத்தில் எப்படிப் பிள்ளையை விடுவது? நாலைந்து பிள்ளைகள் வந்தன. இரண்டு வருசத்தில், தமிழ்க் குடும்பங்களுக்கு இது தேவைப்படவில்லை என்று சொல்லி மூடிவிட்டார்கள். மூடியது சரி என்று சங்கக் கூட்டத்தில் நீங்களே சொன்னீர்கள். எங்கள் பிள்ளைகள் குடும்பத்துக்குள் வளருகிறார்களாம்.

நீங்கள் ஒரு நன்மையும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலக வாசலில் என்னோடு வந்து வரிசையில் நின்றவர் நீங்கள். மழை பெய்தது, உங்கள் குடையை எனக்குத் தந்தீர்கள். என்னைப் போல எத்தனை பேருக்கு நின்றிருப்பீர்கள். பூசைக்கு வந்த கூட்டமெல்லாம் அந்த வரிசைகளில் நின்ற கூட்டம்தான். ஆனால் ஒன்று, அத்தான். அந்த வரிசைக்கு விடிய ஐந்து மணிக்கு நீங்கள் எழும்பி வந்தீர்கள். எழும்ப உங்களுக்குத் தெரியும். என் பிள்ளைக்காகத்தான் உங்களால் எழும்ப முடியவில்லை.

விடுதியில் சிஸ்டர்மார் என் மகளைப் பற்றிச் சொல்வது எனக்கு விளங்காததால்தான் நான் மொழி படிக்கத் தொடங்கினேன். வியாழன் பின்னேரம் அவளைப் பார்த்துவிட்டு நேரே வகுப்புக்குப் போவேன். பிறகு உங்களுக்குச் சுகமில்லாமல் போக, அலுவலகங்களில் என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். முதல் நாளே அந்தக் கோடு போட்ட தாளை என் முன்னால் வைத்தார்கள். இரண்டு வருசத்தில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான், உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் பெண்களிடம் "உங்களுக்கு ஏதும் பிரச்சினை இருக்கோ?" என்று கேட்டால் எல்லாரும் "இல்லை" என்பார்கள். பிரச்சினை இருப்பது அவர்களுக்கு ஒரு வெட்கம். "நேற்று விடிய ஆறு மணிக்கு உங்கடை பிள்ளை எங்கை நிண்டது?" என்று கேட்க வேண்டும். அதற்கு இல்லை என்று பதில் சொல்ல முடியாது. "கதவைப் பூட்டிப்போட்டு வந்தனான்" என்று ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு அந்த அலுவலகத்து ஆள் பேனையைக் கீழே வைத்துவிட்டார். ஆணையும் பெண்ணையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்கக் கூடாது. குசினியிலும் போய்க் கேட்க வேண்டும். ஒரேத்தோ பஸ் நிறுத்தத்தில் ஆறு மணிக்குப் போய் நின்றால் பாதிக் கட்டம் அங்கேயே நிரம்பிவிடும். இது பெரிய படிப்பில்லை. உங்களால் முடியாத வேலையும் இல்லை. அன்றைக்கு அந்தக் கூட்டம் முழுவதிலும் இரண்டு மொழியும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். இடப்பக்கக் கட்டத்தில், காலையில் வேலையில்லாத ஆண்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இருக்கிறது. அதை வாசித்து எனக்குச் சிரிப்பு வந்தது, செத்த வீடென்றும் பார்க்காமல். ஆறரை என்ற சொல்லே தாளில் எங்கும் இல்லை. அப்படியென்றால் நீங்கள் அந்த நேரத்தைக் கேட்கவே இல்லை. வலப்பக்கத்தில், வேறுபாடு ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. கூட்டத்தில் இருந்த ஒரு தாயிடம் எட்டரை மணி பொருந்துமா என்று நேரடியாகக் கேட்கப்பட்டது. பொருந்தும் என்றும் வீட்டில் ஆண்கள் உதவியாக இருக்கிறார்கள் என்றும் அவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

மகிழ்ச்சியோடு என்று எழுதியிருக்கிறது, அத்தான். நான் தேத்தண்ணி நிறைய இருக்கிறது என்று சிரித்த சிரிப்பு அது.

ஏழு வருசமாக நான் எல்லாருக்கும் சொல்லி வந்தது, எங்களை ஒருத்தரும் கேட்கவில்லை என்பது. மகளுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அவள் சின்னவளாக இருந்தபோது, "என்னை ஏன் அங்கை விட்டனீங்கள்?" என்று கேட்பாள். பக்கத்தில் ஒரு இடம் இருந்தது, அதை நேரத்துக்குத் திறக்கவில்லை, எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்பேன். அவள் அதை நம்பித்தான் வளர்ந்தாள். கேட்டிருக்கிறார்கள். என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தாளில் என் பதில் இருக்கிறது.

பையோடு வீட்டுக்கு வந்து, தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். எந்தத் தாளைக் கண்டாலும் வாய்விட்டு வாசிப்பது மகளின் பழக்கம். என் தோளுக்கு மேலால் எட்டி, இந்த ஊர்ப் பிள்ளைகள் இழுப்பது போல இழுத்து இழுத்து முழுவதையும் வாசித்தாள்.

"அம்மா, இது அந்த அஸீலோதானே? பிந்தித் திறந்த இடம்?"

"ஓம்."

"அப்ப இந்த மம்மா ஆர்? எட்டரை சரியெண்டு சொன்னவ? அவவுக்கு விசரோ?"

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அப்போதே அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நிறுத்தியிருப்பேன். நீங்களே சொல்லுங்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று. அதற்கும் வழியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நான்தான் சொன்னேன். தட்டையும், தேத்தண்ணியையும், நான் சொன்ன ஓமையும் எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. தாளை எடுத்து அந்த வரியை இன்னொரு தரம், சத்தமில்லாமல் வாசித்தாள். "நீங்கள் சொன்னதை அவர் சரியாத்தான் சொன்னவரோ எண்டு ஒருத்தரும் பாக்கேல்லையோ?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். உங்களைத் தவிர அங்கே ஒருவருக்கும் இரண்டு மொழியும் தெரியாது என்றேன்.

பையை மறுநாளே அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு வேண்டாம். அக்காவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்கள் படத்துக்கு முன்னால் அவர் மெழுகுதிரி ஏற்றட்டும். தாளை மட்டும் வைத்துக்கொண்டேன். கூட்டங்களுக்குப் போகும்போது என் கைப்பையில் அது இருக்கிறது. தேத்தண்ணி கொண்டுவருகிற பெண்ணைத் தட்டை வைத்துவிட்டு ஒரு கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். உங்களை மன்னிக்க வேண்டுமென்று சுவாமி சொல்லுவார். எனக்கு மனம் வரவில்லை, வந்தால் பார்க்கலாம்.

போன வியாழன் பின்னேரம் பங்கு மண்டபத்தில் ஒரு கூட்டம். மகள் தானும் வருவேன் என்று நின்றாள். கடைசி வரிசையில் போய் இருந்து, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வசனத்துக்கும் என்னையும் பேசிய பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில், "எல்லாம் சரி அம்மா. அந்த அன்ரி சொன்னதை அப்பிடியே சொன்னனீங்கள்" என்றாள். இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருவாளாம்.

அன்றைக்கும் அவள் அதே மண்டபத்தில்தான் நின்றாள், அத்தான். என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அந்த மனுசி கொடுத்த இனிப்பை வாயில் வைத்துக்கொண்டு, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இத்தாலியன் தெரியாது என்பது உங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது.